டர்போ போனது அந்தப் பெட்டியாலா?

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். மேல்கோட்டைத் தாண்டி அரை விரற்கடை உயரத்துக்கு ஆயில் நின்றது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் விட்டு, எஞ்சின் ஆயிலைக் குடித்து, நீலப்புகை தள்ளி நின்றுபோன வண்டி அது. ஆயில் குறைந்திருக்க வேண்டும், கூடியிருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஆயிலின் கனம் இல்லை, தண்ணீர்ப் பதம். முகர்ந்தால் டீசல் வாடை. பக்கத்தில் நின்ற வண்டிக்காரரிடம் குச்சியை நீட்டினேன். அவரும் முகர்ந்து பார்த்தார். "எல்லாம் அந்தப் பெட்டி பண்ணுன வேலையாண்ணே?" என்றார். இழுவை கூட்டுவதற்காக அவர் வெளியே வாங்கி மாட்டியிருந்த டியூனிங் பெட்டியைத்தான் சொன்னார்.

ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாத கேள்வி அது. சர்வீஸ் சென்டரோ ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தது: அங்கீகாரமில்லாத கருவி பொருத்தப்பட்டுள்ளது, ஆகவே வண்டியின் வாரண்டி முழுவதும் ரத்து. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் 26 வருடமாக டீசல் வண்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறவன் நான். இந்த மாதிரிக் கடிதத்தோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பெரும்பாலும் கம்பெனி சொல்வதில் நியாயம் இருக்கும், நானே திருப்பி அனுப்பிவிடுவேன். இந்த வண்டியில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டு பக்கமும் தப்பும் இருந்தது. அதனால்தான் இதை முழுசாக எழுதுகிறேன்.

வண்டியும் ஓட்டமும்

2021 ஆகஸ்டில் எடுத்த, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் எஸ்யூவி. மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை கம்பெனி வாரண்டி. அதற்கு மேல் இரண்டு வருடத்துக்குத் தனியாகப் பணம் கட்டி நீட்டித்திருந்தார். உரிமையாளர் அருமனைக்காரர். மார்த்தாண்டத்தில் கடை, பத்துகாணிப் பக்கம் மலைச்சரிவில் கொஞ்சம் ரப்பர். தினசரி ஓட்டம் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு. ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதில் பாதி நேரம் நெரிசலில் இரண்டாம் கியர். வாரத்தில் ஒருநாள் தோட்டத்துக்கு ஏற்றம், திரும்பும்போது பின்சீட்டை மடக்கி ரப்பர் ஷீட். நாகர்கோவிலுக்கு மாதம் ஒருமுறை போனால் உண்டு.

இந்த ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் பாதி இதில்தான் இருக்கிறது.

பிஎஸ்6 டீசல் வண்டியின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தபிறகு டீசல் காரில் இது இல்லாமல் ஆகாது. எஞ்சின் விடும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ, சிலிண்டரில் எரிப்பு முடிந்தபிறகு கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறோம். ஒரே வேகத்தில் இருபது நிமிடம் ஓடினால் வேலை சுத்தமாக முடியும். பத்து கிலோமீட்டரில் கடை வந்து சாவியைத் திருகிவிட்டால் பாதியில் நிற்கும். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். தாமதமாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும். ஆயில் அளவு ஏறும், கனம் குறையும். பெட்டி கிட்டி எதுவும் மாட்டாத வண்டியிலும் இது நடக்கும். நம் மாவட்டத்தில் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் தூரம் குறைவு, ரோட்டில் வேகமும் இல்லை. டிபிஎஃப் விளக்கு எரிகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த ஓட்டக்காரர்கள்தான்.

பெட்டி

2023 மார்ச்சில், 18,600 கிலோமீட்டரில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டினார். தோட்டத்து ஏற்றத்தில் வண்டிக்குப் புல்லிங் போதவில்லை என்பது அவர் குறை. விற்ற ஆள் மைலேஜும் கூடும் என்று சொல்லியிருக்கிறார். "கழட்டிட்டா ஒரு அடையாளமும் இருக்காது, வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்லியிருக்கிறார். ரசீது கொடுத்திருந்தார், அந்த ரசீதில் தேதி இருந்தது. பின்னால் உதவியது அந்தத் தேதிதான்.

டியூனிங் பாக்ஸ் என்று விற்பவற்றில் பலவகை உண்டு. இது, இன்ஜெக்டர்களுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும் குழாயான காமன் ரெயிலின் பிரஷர் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்காருகிற வகை. வேலை எளிது: சென்சார் சொல்வதைக் குறைத்துச் சொல்லும். உதாரணத்துக்கு, இசியூ 1,500 பார் அழுத்தம் கேட்கிறது, ரெயிலில் 1,500 இருக்கிறது என்று வையுங்கள். பெட்டி அதை 1,400 என்று சொல்லும். இசியூ அழுத்தம் போதவில்லை என்று நம்பி இன்னும் ஏற்றும். ரெயிலில் 1,600 ஆனதும் பெட்டி 1,500 என்று சொல்லும், இசியூ திருப்தியாகிவிடும். இன்ஜெக்டர் திறக்கிற நேரம் அதேதான். அழுத்தம் கூடியதால் டீசல் கூடுதலாக இறங்கும். ஏற்றத்தில் வண்டி பாயும். உண்மை, பாய்ந்தது. அதை அவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

அதற்குரிய காற்று கூடவில்லை என்றால் அந்தக் கூடுதல் டீசல் கரியாகும், சைலன்சர் வழிச் சூடும் ஏறும். பழைய பிஎஸ்3 வண்டியாக இருந்தால் பின்னால் கறுப்புப்புகை தெரிந்திருக்கும், வண்டிக்காரரே பயந்து கழற்றியிருப்பார். பிஎஸ்6இல் அந்தக் கரி முழுவதையும் டிபிஎஃப் பிடித்துக்கொள்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வடிகட்டி சீக்கிரம் நிறையும், ரீஜெனரேஷன் அடிக்கடி வரும். ஏற்கெனவே ஆயிலில் டீசல் கலந்துகொண்டிருக்கிற வண்டிக்கு இது என்ன செய்யும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரல்வாய்மொழியில் நின்ற அன்று

2023 அக்டோபர், 26,100 கிலோமீட்டர். குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கல்யாணம். தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு எதிரே ஐந்தாம் கியரில் போய்க்கொண்டிருந்தபோது விசில் மாதிரி ஒரு சத்தம், பிறகு இழுவை போயிற்று, கண்ணாடியில் பார்த்தால் நீலப்புகை. உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தார். இதை நான் பாராட்டியே ஆகவேண்டும். டர்போ சீல் விட்டபின் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து, சாவியைத் திருகினாலும் நிற்காமல் உச்சத்துக்கு ஓடிச் செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இவர் அணைத்ததால் பிஸ்டனும் பேரிங்கும் பிழைத்தன.

அடுத்து செய்ததுதான் தப்பு. டோயிங் வண்டி வருவதற்குள் ஒரு நண்பருக்குப் போன் போட்டார். அவர் சொன்னபடி பெட்டியைக் கழற்றி, சென்சார் சாக்கெட்டை நேரே மாட்டி, பெட்டியை மனைவியின் கைப்பையில் போட்டுக்கொண்டார். சர்வீஸ் சென்டரில் கேட்டபோது வெளியே எதுவும் மாட்டவில்லை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார்.

அங்கிருந்த டெக்னீஷியன் நல்ல வேலைக்காரன். ரெயில் சென்சார் சாக்கெட்டின் பூட்டு நாக்கு முறிந்திருந்ததைப் பார்த்துவிட்டான். அதன் கீழே வயரிங்கில் கம்பெனி போடாத கறுப்பு டேக் ஒன்று வெட்டாமல் கிடந்தது. ஏழு மாதம் பெட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் தூசி படியாமல் நாலு மூலைச் சதுரமாக ஒரு தடம். போட்டோ எடுத்து வைத்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள். ரீமேப் செய்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். இசியூ மென்பொருளை மாற்றினால் அதன் சரிபார்ப்பு எண் மாறும்; எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கையும் பல இசியூக்கள் வைத்திருக்கும். பழையதைத் திருப்பி ஏற்றினாலும் கணக்கு குறையாது. அடையாளமே இருக்காது என்று சொல்லி விற்கிறவர்கள் மீது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பொய் பிடிபட்டபிறகு அவர் சொன்ன உண்மை எதையும் அவர்கள் காதில் வாங்கவில்லை. வாங்காததற்கு அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கடிதம் வந்தது. டர்போ, இன்டர்கூலர் ஹோஸ், டிபிஎஃப் சுத்தம், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ₹1,38,000க்கு எஸ்டிமேட். இதோடு, ஒரு மாதம் முன்பே பதிவுசெய்து உதிரிக்குக் காத்திருந்த ஏசி கண்டன்சர் கசிவையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். காரணம் அதே ஒரு வரி. இன்சூரன்ஸில் கேட்கலாமா என்றார். சாதாரண வாகன பாலிசியில் எந்திரக் கோளாறுக்கு இடம் கிடையாது, விபத்து, தீ, திருட்டு மாதிரியானவற்றுக்குத்தான். அந்தக் கதவு திறக்கவே இல்லை.

டர்போவைப் பிரித்தபோது

சர்வீஸ் சென்டரில் அனுமதி வாங்கி, அவர்கள் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்தோம். மேனேஜர் அதற்குச் சம்மதித்தது பெரிய விஷயம். நிறைய இடத்தில் சம்மதிக்க மாட்டார்கள்.

டர்போ சாவதற்கு வழிகள் பல. ஒன்று, அளவுக்கு மீறிச் சுழல்வது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே ஓடுகிற சாமான் அது. அதற்கும் மேலே விரட்டினால் கம்ப்ரசர் சக்கரத்தின் முதுகுப்பக்கம் ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி சொரசொரப்பாகும், சிலநேரம் இதழே பிய்ந்துபோகும். இன்னொன்று, எண்ணெய்ப் பசை போதாமல் போவது. அப்போது தண்டு பேரிங்கில் உட்காரும் இடம் கீறும், சூட்டில் நீலம் பாரிக்கும். தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது நடுவில் நிற்கிற மெல்லிய ஆயில் படலம்தான். டீசல் கலந்த ஆயிலில் அந்தப் படலம் நிற்காது.

சக்கரத்தைக் கழற்றித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தோம். முதுகு வழவழவென்று இருந்தது. இதழ்களின் நுனி மட்டும் கூட்டில் உரசித் தேய்ந்திருந்தது. தண்டு ஆடியபிறகு நடந்த வேலை அது. தண்டில் இரண்டு பேரிங் இடமும் நீலம், நகத்தை வைத்து இழுத்தால் கீறல் தட்டியது. டர்போ மிதமிஞ்சிச் சுழன்று போகவில்லை, எண்ணெய்ப் படலம் இல்லாமல் போயிருக்கிறது. டெக்னீஷியனும் அதையே சொன்னான், மேனேஜர் முன்னாலேயே சொன்னான்.

அப்படியானால் கேள்வி பின்னால் நகர்கிறது: ஆயிலில் டீசல் கலந்தது எப்போதிலிருந்து?

ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தந்த பழைய ஜாப் கார்டுகள் அத்தனையையும் எடுத்து வரச்சொன்னேன். "எனக்க வீட்ல எல்லாம் கவர்ல போட்டு வச்சிருக்கு" என்றார், வைத்திருந்தார். 2022 நவம்பர், 14,800 கிலோமீட்டர்: டிபிஎஃப் விளக்கு எரிகிறது என்ற புகார். கட்டாய ரீஜெனரேஷன் செய்யப்பட்டது. அடுத்த வரியில், "ஆயில் அளவு மேல்கோட்டுக்கு மேல், ஆயில் மாற்றப்பட்டது." பெட்டி வாங்கிய ரசீது 2023 மார்ச். நாலு மாதம் முந்தியே நோய் தொடங்கிவிட்டது, அதைக் கண்டதும் அவர்களே, எழுதியதும் அவர்களே. அந்த ஓட்டத்துக்கு இந்த வண்டியை எப்படி ஓட்டவேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆயிலைப் பார்க்கவேண்டும் என்று வாடிக்கையாளரிடம் யாரும் சொன்னதாக எந்தக் கார்டிலும் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இரண்டு ரீஜெனரேஷனுக்கு நடுவே சராசரியாக எத்தனை கிலோமீட்டர் என்று ஸ்கேனர் காட்டும். 2022 நவம்பர் பிரின்ட்டில் அது 210. இப்போது எடுத்தபோது 140. ஓட்டம் மாறவில்லை, டிரைவர் மாறவில்லை, நடுவில் வந்தது பெட்டி மட்டும். கரி கூடியதற்குப் பெட்டி காரணமில்லை என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்று அவரிடம் நேரே சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் என் அறிக்கையில் இரண்டு எண்ணும் இருந்தன. ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு இன்னொன்றை எடுத்துப் போட்டிருக்கும், அதற்கப்புறம் என் சொல்லுக்கும் அவர் பொய்க்கு வந்த கதிதான்.

சட்டம் எதுவரை

அவர் கையில் ஒரு ஆங்கில வீடியோ இருந்தது. வெளிச்சாமான் மாட்டினாலும் கோளாறு அதனால்தான் வந்தது என்று கம்பெனிதான் நிரூபிக்கவேண்டும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது அமெரிக்காவின் 1975ஆம் வருட வாரண்டிச் சட்டத்தை வைத்துப் பேசுவது. நம் ஊரில் அந்தச் சட்டம் செல்லாது. இங்கே நம்மிடம் இருப்பது வாரண்டிப் புத்தகத்தில் நாம் ஒத்துக்கொண்ட நிபந்தனையும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019உம்.

நமக்கு ஆதரவாக ஒன்று உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது போட்ட உத்தரவில், வண்டியை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலையால் வந்த சேதம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அது மேல்முறையீடுகளுக்குப் போனது. வெளி மெக்கானிக் பற்றிய உத்தரவே தவிர டியூனிங் பெட்டி பற்றியதும் அல்ல. ஆனாலும் சேதத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பு பார்க்கவேண்டும் என்ற வாதத்துக்கு அது வலு. ஏசி கண்டன்சருக்கும் ரெயில் பிரஷர் சென்சாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க இந்த ஒன்று போதும்.

நமக்கு எதிராகவும் ஒன்று உண்டு, அது சின்னதல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகவே சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ₹5,000 அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இதைத்தான்.

நாகர்கோவில் வக்கீல் ஒருவர் வழியாக நோட்டீஸ் அனுப்பினோம். பதிலில் அவர்கள் புதிதாக ஒன்று கிளப்பினார்கள்: ரப்பர் ஷீட் ஏற்றுகிறார், இது வணிக உபயோகம், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல. சட்டத்திலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. இவர் வண்டியோ குடும்ப வண்டி, வாரம் ஒருநாள் ஷீட். வக்கீல் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மாவட்ட ஆணையத்தில் போடவேண்டிய மனுவையும் தயார் செய்து கூடவே அனுப்பினார். வண்டி விலை 20 லட்சத்துக்குள், மனுக்கட்டணம் ₹400. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலையவேண்டாம். பழுதான சாமானைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. டர்போவைக் கழற்றிய நிலையிலேயே கவரில் போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான்.

மனு போடவேண்டிய தேவை வரவில்லை. ஐந்து வாரம் கழித்து கம்பெனியின் வட்டார சர்வீஸ் மேனேஜர் நேரில் வந்தார். அருமனைக்காரர் பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்து, "நான் அன்னைக்குப் பொய்தான் சொன்னேன் சார். ரசீதும் இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார். நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. மேனேஜர் 2022 நவம்பர் ஜாப் கார்டை எடுத்து இரண்டு தடவை படித்தார்.

முடிவானது இது: டர்போவின் விலை கம்பெனிக்கு. கூலி, ஆயில், ஹோஸ், டிபிஎஃப் சுத்தம் உரிமையாளருக்கு. அது ₹43,000 ஆயிற்று. ஏசி கண்டன்சர் இலவசம். எஞ்சின், எரிபொருள், புகைவழிப் பாகங்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வாரண்டி திரும்ப வந்தது. அந்த மூன்றுக்கு மட்டும் ஒரு வருடம் ஒவ்வொரு சர்வீஸிலும் சாக்கெட்டுகளைச் சோதித்து, அதன்பிறகு திரும்பத் தருவது.

டிபிஎஃப் செலவு அவர் தலையில் விழுந்தது சரி. அந்தக் கரியில் பெட்டியின் பங்கு நிச்சயம். கூலியில் பாதியையாவது கம்பெனி ஏற்றிருக்கவேண்டும் என்பது என் எண்ணம், இப்போதும் அதுதான். முதல் தடவை ஆயில் ஏறியபோது வாடிக்கையாளரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் டர்போவும் போயிருக்காது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று அவர் பெட்டி தேடியிருக்கவும் மாட்டார். பாதி அடைந்த வடிகட்டியோடு ஓடுகிற வண்டிக்குப் புல்லிங் குறையத்தான் செய்யும். அவர் குறை என்று நினைத்தது எஞ்சினின் குறையே அல்ல.

இப்போது வாரம் ஒருநாள் நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர் வரை நான்குவழிச் சாலையில் ஒரே சீராக ஓட்டிவிட்டு வருகிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்ஸ்டிக் பார்த்து டைரியில் குறிக்கிறார். பெட்டியை உடைத்துப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ரசீது நகலோடு, தேதி எழுதிய கவரில், நீட்டித்த வாரண்டி முடிகிற 2026 ஆகஸ்ட் வரை அது என் அலமாரியில்தான்.